கூடாரத்துக்குக் கீழே ஒரு கிராமம்

ரம், எக், மக்.

ஏதோ பார் மெனு மாதிரி இருக்கிறதா? சப்புக் கொட்ட வேண்டாம். மூன்றும் தீவுகள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் காற்று ஓயாமல் அறைகிற கடலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கன்னா என்று நாலாவதாக ஒன்றும் உண்டு. நாலையும் சேர்த்து 'சின்னத் தீவுகள்' என்கிறார்கள்.

அங்கே போவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹாரி பாட்டர் படத்தில் ஒரு வளைந்த பாலத்தின் மீது ரயில் போகுமே, அதே ரயில் பாதையில் கடைசி ஸ்டேஷன் மாலெய்க். அங்கிருந்து படகு. உங்கள் காரையெல்லாம் ஏற்ற மாட்டார்கள். மூட்டை முடிச்சோடு நடந்துதான் ஏற வேண்டும், நடந்துதான் இறங்க வேண்டும். ஸ்டார் ஹோட்டல், ரூம் சர்வீஸ், பஃபே? மூச்! கூடாரம் அடித்துத் தங்குவதுதான் அங்கே போகிறவர்கள் வழக்கம். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, கொஞ்சம் புல்தரை. இதுதான் அந்த ஊர் 'அடிப்படை வசதியுள்ள' முகாம்.

நீங்கள் ஒரு பத்துப் பேர் கூட்டமாகக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தீவில், எந்த இடத்தில் கூடாரம் அடிப்பது?

அனுபவசாலிகள் சொல்லும் நிபந்தனைகள் ஐந்து. ஒன்று, குடிதண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, தரை சமமாக இருக்க வேண்டும். மூன்று, மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். அங்கே முக்கால்வாசி நிலம் ஸ்பாஞ்சு மாதிரி ஊறிக் கிடக்கும். நான்கு, படகுத்துறையிலிருந்து ரொம்ப தூரம் கூடாது. பத்துப் பேர் சாமானைச் சுமக்க வேண்டுமே! ஐந்தாவதுதான் விசித்திரமானது. புயல் அடித்தால் மறைவு வேண்டும். ஆனால் காற்றே இல்லாத பொந்தாகவும் இருக்கக் கூடாது. காரணம், மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சி. நம் ஊர்க் கொசு அதற்கு முன்னால் மகாத்மா. கோடை காலத்தில் காற்று நின்றால் மேகம் மாதிரி திரண்டு வந்து பிடுங்கும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் போதும், பூச்சியால் பறக்க முடியாது. நீங்கள் தப்பித்தீர்கள்.

சரி, இந்த ஐந்தும் பொருந்துகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுலபம். மலைச்சரிவைப் பாருங்கள். எங்கும் பழுப்பாக ஹீதர் புதர் மண்டிக் கிடக்கும். நடுவில் திடீரென்று ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று பச்சை. பக்கத்தில் ஓடை. தரை சமம். முதுகுக்கு மலை, முகத்துக்குக் கடல். அடடா, நமக்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும்.

செய்து வைத்ததுதான். உங்களுக்காக இல்லை.

குனிந்து பார்த்தால் புல்லுக்குள் கல் வரிசை தெரியும். இடுப்பளவு சுவர், வாசல் இருந்த இடைவெளி. அதற்கு அப்பால் சரிவு முழுக்க, சீப்பால் வாரிவிட்ட தலைமுடி மாதிரி மேடும் பள்ளமுமாகக் கோடுகள். பாத்தி பிடித்து உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிரிட்ட அடையாளம். கடல்பாசியை முதுகில் சுமந்து வந்து கொட்டி, மாட்டுச் சாணம் கலந்து, தலைமுறை தலைமுறையாக உரம் போட்டதால்தான் அந்தத் துண்டு மட்டும் இன்றைக்கும் பச்சை. நீங்கள் யோசித்த ஐந்து நிபந்தனைகளையும் பல நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவன் யோசித்திருக்கிறான். அங்கே வீடு கட்டியிருக்கிறான். குழந்தை குட்டி பெற்றிருக்கிறான்.

அப்புறம் அவன் எங்கே போனான்?

போகவில்லை. அனுப்பினார்கள்.

ரம் தீவின் கதையைக் கேளுங்கள். நாலில் பெரியது அதுதான். சுமார் 105 சதுர கிலோமீட்டர். 1820-களில் அதன் சொந்தக்காரர் பக்கத்துக் கோல் தீவின் மக்ளீன் வம்சத்து ஜமீன்தார். ஒரு காலத்தில் இந்த வம்சத் தலைவர்கள் குடிமக்களுக்கு அப்பா ஸ்தானம். சண்டை வந்தால் மக்கள் வாளெடுத்து ஓடி வருவார்கள். பதிலுக்கு நிலம் அவர்களுடையது மாதிரிதான். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். 1746-ல் கல்லோடன் போரில் அந்த வாள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தலைவர்கள் மெதுவாக நிலச்சுவான்தார்களாக மாறினார்கள். எடின்பரோ, லண்டன் என்று செலவு கூடியது. நெப்போலியன் யுத்தம் நடந்த வரை கடல்பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்றதில் நல்ல காசு. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சாம்பல் தேவைப்பட்டது. 1815-ல் யுத்தம் முடிந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்க, பாசி விலை சரிந்தது. வாடகை பாக்கி ஏறியது.

இந்த இடத்தில் ஜமீன்தார் ஒரு கணக்குப் போட்டார். கணக்கு ரொம்பச் சிம்பிள். ரம் தீவு முழுவதும் குடியிருந்த அத்தனை பேரிடமிருந்தும் வர வேண்டிய குத்தகை வருடத்துக்கு 300 பவுண்ட். அதுவும் ஒழுங்காக வருவதில்லை. மனிதர்களை எடுத்துவிட்டு ஆடுகளை விட்டால்? ஒரே ஒரு குத்தகைதாரர் 800 பவுண்ட் தரத் தயார். 1827-ல் லண்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் இந்தக் கணக்கை ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்கள். அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. லாப நஷ்டப் பேரேட்டில் மனிதன் நஷ்டப் பக்கம். ஆடு லாபப் பக்கம். முடிந்தது கதை.

1825-ல் நோட்டீஸ். ஒரு வருடம் அவகாசம். 1826 ஜூலையில் இரண்டு கப்பல்கள் வந்தன. சுமார் 300 பேரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவின் கேப் பிரெட்டனுக்குப் போயின. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கிறது அது. நோவா ஸ்கோஷியா என்றால் லத்தீனில் 'புதிய ஸ்காட்லாந்து'. பழையதில் இடமில்லை, புதியதற்குப் போ! 1828-ல் இன்னொரு கப்பல், இன்னும் 130 பேர். தீவின் பழைய குடிகளில் மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனிதர்களுக்குப் பதில் சுமார் 8,000 ஆடுகள் வந்து இறங்கின.

வேடிக்கை என்ன தெரியுமா? ஆடு மேய்க்கவும் கம்பளி வெட்டவும் ஆள் வேண்டுமே! ஆளில்லை. பக்கத்துத் தீவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய வேடிக்கை, 1830-களின் இறுதியில் ஆட்டிறைச்சி விலை படுத்தது. 800 பவுண்ட் குத்தகைக்காரர் திவால். கணக்கும் போச்சு, மனிதர்களும் போனார்கள்.

ரம் மட்டுமா? வடக்கு ஸ்காட்லாந்து முழுக்க இதே கதை. ஊர் ஊராகக் காலி செய்தார்கள். சில இடங்களில் கூரையைக் கொளுத்தி வெளியேற்றினார்கள். பக்கத்து எக் தீவில், மலையடிவாரத்தில் க்ரூலின் என்ற கிராமம். 1853-ல் அங்கிருந்த 14 குடும்பங்களுக்கு 'கிளம்பு' என்று உத்தரவு. பெரும்பாலோர் போனது அதே நோவா ஸ்கோஷியாவுக்கு. இன்றைக்கு க்ரூலினுக்குப் போனால் கல் சுவர்கள் இருக்கின்றன. நடுவே ஆடுகள் மேய்கின்றன.

இதையெல்லாம் யாரும் எதிர்க்கவே இல்லையா? எதிர்த்தார்கள். கொஞ்சம் லேட்டாக. அந்த எதிர்ப்புக் கதைக்குள் திடீரென்று நம்ம மெட்ராஸ் வருகிறது!

ரம் தீவுக்கு வடக்கே ஸ்கை தீவு. அங்கே பிரேஸ் என்ற சிற்றூர். பரம்பரையாக மாடு மேய்த்த மலையை 1865-ல் ஜமீன் பிடுங்கிக் கொண்டது. வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. வாடகை தர மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். வெளியேற்ற நோட்டீஸ் கொண்டு வந்தவரின் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி அங்கேயே கொளுத்தினார்கள். 1882 ஏப்ரலில் கிளாஸ்கோ நகரத்திலிருந்து சுமார் 50 போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். கைது செய்தது ஐந்து பேரை. திரும்பும் வழியில் மலைச்சரிவிலிருந்து கல்மழை! எறிந்தவர்களில் முன்வரிசை முழுக்கப் பெண்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. 'பிரேஸ் யுத்தம்' என்று பேப்பர்கள் எழுதித் தள்ளின. லண்டன் ஆடிப்போய் 1883-ல் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது.

கமிஷன் தலைவர் யார்? பிரான்சிஸ் நேப்பியர். 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். லார்டு மேயோ அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டபோது கொஞ்ச நாள் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார். கூவம் கடலில் சேரும் இடத்தருகே ஒரு பாலம் இருக்கிறதே, 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் மாதிரி பெயின்ட் அடித்தார்களே, நேப்பியர் பாலம், அவரேதான். 1869-ல், அவர் கவர்னராக இருந்தபோது கட்டியது. மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட்டதிலும் அவர் பங்கு உண்டு.

நேப்பியரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவரும் நிலச்சுவான்தார்தான். கமிஷனின் ஆறு பேரில் நிலச்சுவான்தார்களுக்குப் பஞ்சமில்லை. 'நரியைக் கூப்பிட்டுக் கோழிக்குப் பஞ்சாயத்தா?' என்று ஜனங்கள் நினைத்திருந்தால் தப்பில்லை. 1883 மே மாதம் பிரேஸில் முதல் விசாரணை. முதல் சாட்சியாக எழுந்த விவசாயி, வாயைத் திறந்ததும் சொன்னது தன் கஷ்டத்தை அல்ல. 'நான் உண்மையைச் சொன்னால் என்னை வீட்டைவிட்டு வெளியேற்ற மாட்டீர்கள் என்று முதலில் உறுதி கொடுங்கள்' என்று கேட்டார். அத்தனை வருடப் பயம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. கமிஷன் தீவு தீவாகப் போனது. 700-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அதுவரை எவர் காதிலும் விழாத கதைகள் முதல் தடவையாக அரசாங்கக் காகிதத்தில் ஏறின.

நேப்பியர் கொடுத்த சிபாரிசுகளை அரசு அப்படியே ஏற்கவில்லை. அயர்லாந்துச் சட்டத்தைப் பார்த்து வேறு மாதிரி ஒரு சட்டம் செய்தது. ஆனால் அந்த விசாரணை இல்லாவிட்டால் 1886 சட்டம் இல்லை. அதன் சாரம் இது: ஒழுங்காக வாடகை கட்டுகிற சிறு குத்தகை விவசாயியை யாரும் வெளியேற்ற முடியாது. வாடகையை நியாயமாக நிர்ணயிக்கத் தனி அமைப்பு. அவர் நிலம் அவர் வாரிசுக்கு. அந்த விவசாயிக்கு 'கிராஃப்டர்' என்று பெயர்.

கவனியுங்கள், இந்தச் சட்டம் இருப்பவர்களைத்தான் காப்பாற்றியது. போனவர்களைத் திருப்பிக் கூப்பிடவில்லை. எக் தீவின் மறுகோடியில் கிளீடேல் என்ற கிராமத்தில் கிராஃப்டர்கள் மிச்சமிருந்தார்கள், பிழைத்தார்கள். க்ரூலினில் எவருமில்லை. ரம் தீவில் சட்டம் காப்பாற்ற ஆளே இல்லை!

ஆளில்லாத ரம் தீவு பணக்காரர்களின் வேட்டைக்காடானது. 1888-ல் அதை வாங்கியவர் ஜான் புல்லோ. லங்காஷயரில் பஞ்சாலை இயந்திரம் செய்து சம்பாதித்தவர். அவர் மகன் ஜார்ஜ் 1897-ல் ஆரம்பித்து 1900 வாக்கில் அங்கே ஒரு கோட்டையே கட்டி முடித்தார். சொந்தமாக நீர்மின்சாரம், கண்ணாடிக் கூடத்துக்குள் ஆமைகள், தானே வாசிக்கும் பிரமாண்ட இசைப்பெட்டி... தீவின் பெயர் சரக்கை ஞாபகப்படுத்துகிறது என்று ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ஹெச்' சேர்த்தாராம்! அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. 'தடை செய்யப்பட்ட தீவு' என்றே பெயர் வாங்கியது. கிராமம் இருந்த ஹாரிஸ் கடற்கரையில், பழைய பாத்திகளுக்குப் பக்கத்தில், புல்லோ குடும்பத்துக்கு கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு சமாதி நிற்கிறது. பாத்தி பிடித்தவனுக்கோ பெயர்ப்பலகைகூட இல்லை.

1957-ல் ஜார்ஜின் மனைவி தீவை அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றார். விலை 23,000 பவுண்ட். கணக்குப் போட்டால் ஏக்கர் ஒரு பவுண்டுக்கும் குறைவு. அரசு நல்லவிதமாகத்தான் பார்த்துக்கொண்டது. மான் ஆராய்ச்சி, கடல் கழுகு என்று பெயரெடுத்தது. ஆனாலும் சொந்தமாக நிலம் வைத்து வாழ்கிற குடியானவன் அங்கே கிடையாது. 2009-10-ல்தான் கின்லாக் கிராமமும் சுற்றியுள்ள நிலமும் தீவுவாசிகளின் டிரஸ்ட் கைக்கு வந்தன. இன்றைக்கும் அந்த 105 சதுர கிலோமீட்டரில் வசிப்பவர்கள் 50 பேர்கூட இல்லை.

எக் தீவு வேறு வழியில் போனது. அதையும் கை மாற்றி கை மாற்றி விற்றார்கள். 1975-ல் ஷெல்லன்பெர்க் என்ற தொழிலதிபர் வாங்கினார். அவருக்கும் தீவுக்காரர்களுக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1994 ஜனவரியில் ஒரு ராத்திரி அவருடைய 1927 மாடல் ரோல்ஸ் ராய்ஸ் கொட்டகையோடு எரிந்து போனது. எப்படிப் பற்றியது என்பது இன்றுவரை மர்மம். 1995-ல் ஒரு ஜெர்மன் ஓவியருக்குத் தீவை விற்றார். ஓவியர் தீவை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். கடன்காரர் கழுத்தைப் பிடிக்க, மறுபடி தீவு சந்தைக்கு வந்தது.

இந்தத் தடவை தீவுக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். 'நாமே வாங்கினால் என்ன?'

மொத்தம் இருந்ததே சுமார் 65 பேர். தேவை 15 லட்சம் பவுண்ட். பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். பாட்டுக் கச்சேரி வைத்தார்கள், உண்டியல் குலுக்கினார்கள், ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சும் பத்துமாக அனுப்பினார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி பாதிக்குக் குறையாத தொகையைத் தூக்கிக் கொடுத்தார். 1997 ஜூன் 12. தீவு அங்கே வாழ்கிறவர்களின் டிரஸ்டுக்குச் சொந்தமானது. 2008-ல் காற்று, ஓடை, வெயில் மூன்றையும் சேர்த்து சொந்த மின்சாரம். ஒரு வீடு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அவர்களே போட்ட கட்டுப்பாடு. இன்று அங்கே 100 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கை திரும்பி ஏறியது!

எக் கொடுத்த தைரியம் எடின்பரோ வரை போனது. 1999-ல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்தது. 2003-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். அதில் இரண்டு விஷயம். ஒன்று, கிராமத்து ஜனங்கள் சேர்ந்து தங்கள் நிலத்தை வாங்க வழி. இன்னொன்று, நிலம் யாருடையதாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் பொறுப்போடு நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 'தடை செய்யப்பட்ட தீவு' என்று இனி எவரும் போர்டு மாட்ட முடியாது.

இப்போது உங்கள் பத்துப் பேர் விஷயத்துக்கு வருவோம். சட்டம் இருக்கிறதே என்று இஷ்டத்துக்குப் போய் இறங்கலாமா? கூடாது. அந்த உரிமை சின்னக் குழுவுக்கு. சின்னக் கூடாரம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி, குப்பையோ அடுப்புக் கரியோ மிச்சம் வைக்காமல் கிளம்ப வேண்டும். பயிர் நிலத்திலும் வீட்டு வாசலிலும் அடிக்கக் கூடாது. கூட்டமாகப் போகிறவர்கள் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அடிப்பதுதான் முறை. ஆகவே பத்துப் பேருக்கு முகாம்தான் சரி.

ரம்மா, எக்கா? நடை குறைவு வேண்டுமென்றால் ரம்தான். கின்லாக்கில் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே கடலோரப் புல்தரை. ஆனால் வளைகுடாவின் மூலை. காற்று நின்றால் மிட்ஜ் பிய்த்துவிடும். என் ஓட்டு எக் தீவின் கிளீடேலுக்கு. துறையிலிருந்து தீவைக் குறுக்கே கடந்து போக வேண்டும், சுமை ஜாஸ்திதான். ஆனால் மேற்கே திறந்த கடல், காற்று தாராளம். மழைக்கும் மறைவுக்கும் பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். முக்கியமாக, அது 1886 சட்டம் காப்பாற்றிய ஊர். முகாமுக்கென்று நீங்கள் கொடுக்கிற நாலு காசு, வெளியேற்றப்படாமல் தப்பித்த ஒரு கிராமத்தின் கையில் போய்ச் சேரும். பேரேட்டில் மனிதனை லாபப் பக்கத்துக்குக் கொண்டுவர அதுவும் ஒரு வழி.

இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் கிளீடேலில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால், கடலுக்கு அந்தப் பக்கம் ரம் தீவின் மலைகள் கறுப்பாக நிற்கும். அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆனால் அந்த அமைதி இயற்கை கொடுத்ததல்ல. 300 பவுண்டுக்கும் 800 பவுண்டுக்கும் இருந்த வித்தியாசம் கொடுத்தது.

மறுநாள் காலை க்ரூலின் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அடுப்பு மூட்டவோ, காற்றில் கூடாரம் பறக்காமல் இருக்கவோ கல் தேடுவீர்கள். கைக்கு எட்டும் தூரத்திலேயே அழகாக அடுக்கி வைத்த கற்கள் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள்.

அது ஒருத்தர் வீட்டுச் சுவர்.